சுவரில் மாட்டிய படம்

திருச்சபையை இன்றைய பண்பாட்டுக்கு ஏற்றபடி மாற்றியமைக்க வேண்டும் என்ற பேச்சு, திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரங்களில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைத் தொகுதிகளில், எங்கு போனாலும் இப்போது காதில் விழுகிறது. வாலிபர்கள் ஞாயிறு ஆராதனைக்கு வருவதில்லை, வந்தாலும் பின்வரிசையில் இருந்துவிட்டுப் பிரசங்கம் தொடங்கியதும் எழுந்து போய்விடுகிறார்கள், சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவர்கள் அங்கே பெரிய சுயாதீன சபைகளில் சேர்ந்துவிடுகிறார்கள் என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். கமிட்டிக் கூட்டங்களில் சொல்லப்படும் தீர்வுகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன: பாமாலையைக் குறைத்துப் புதிய பாடல்களைச் சேர்க்கலாம், ஆர்கனுக்குப் பக்கத்தில் டிரம்ஸ் வைக்கலாம், பீடத்தின் இருபுறமும் எல்இடி திரை மாட்டலாம், யூடியூபில் நேரலை செய்யலாம், மாலையில் ஆங்கில ஆராதனை ஒன்று தொடங்கலாம்.

இவற்றில் எதற்கும் நான் எதிரியல்ல. நாம் பரம்பரைச் சொத்தாகக் கருதும் ஆர்கனும் ஒரு காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய புதுமைதான். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் ஆலயக் கதவுகள் மூடப்பட்டிருந்த மாதங்களில், படுக்கையை விட்டு எழ முடியாத முதியவர்கள் பேரப்பிள்ளைகளின் கைபேசியில் ஆராதனையைப் பார்த்து ஆறுதல் அடைந்ததை அறிந்தவர் யாரும் அந்தச் சிறிய திரையைக் குறைத்துப் பேச மாட்டார்கள். ஆனால் இந்தத் தீர்வுகள் அனைத்தும் ஓர் எண்ணத்தின் மீது நிற்கின்றன. திருச்சபை பண்பாட்டை விட்டு விலகி எங்கோ தூரத்தில் இருக்கிறது, அதை அருகே கொண்டுவர வேண்டும் என்பதே அந்த எண்ணம். தமிழ்நாட்டுத் திருச்சபையைப் பொறுத்தவரை அது தவறு என்று உறுதியாக நம்புகிறேன். நம்முடைய திருச்சபை தன்னைச் சுற்றியுள்ள பண்பாட்டுக்கு முந்நூறு, நானூறு ஆண்டுகளாகவே மிக நன்றாகப் பொருந்திப் போயிருக்கிறது. மறுபரிசீலனைக்கு உள்ளாக வேண்டியது அந்தப் பொருத்தம்தான்.

இப்படி யோசிக்க எனக்குப் பெரிதும் உதவியவர் லெஸ்லி நியூபிகின். 1909இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்து, 1936இல் ஸ்காட்லாந்து திருச்சபையின் மிஷனரியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர் அவர். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பல சீர்திருத்தச் சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டபோது, மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்தின் (ஒரு பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதியின்) பேராயராக 37 வயதில் பொறுப்பேற்றார். பிற்பாடு 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்தார். பேராயர் ஆவதற்கு முன்பு காஞ்சிபுரத்தில் பணி செய்த நாட்களில், அங்கிருந்த ராமகிருஷ்ண மடத்தின் துறவிகளோடு தரையில் அமர்ந்து சுவேதாசுவதர உபநிடதத்தையும் யோவான் சுவிசேஷத்தையும் சேர்ந்து வாசிப்பது அவர் வழக்கம். அந்த மடத்தின் கூடத்தில் சமயப் பெரியோர்களின் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. இயேசுவின் படமும் அவற்றுள் ஒன்று. கிறிஸ்துமஸ் நாளில் அந்தப் படத்துக்கு முன்பாகப் பூசையும் நடந்தது. அந்த மரியாதையின் உண்மையை நியூபிகின் சந்தேகிக்கவில்லை. எனினும் அவர் ஒன்றைக் கவனித்தார்: ஒரு சமூகம் தன் உலகப் பார்வையில் எதையும் மாற்றிக்கொள்ளாமலேயே இயேசுவுக்குத் தன் சுவரில் இடம் கொடுத்துவிட முடிகிறது. இந்தக் கண்டுபிடிப்பை அவர் அந்தத் துறவிகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் அவரிடம் எனக்குள்ள மதிப்புக்குக் காரணம். தான் கொண்டுவந்த கிறிஸ்தவமும் மேற்கத்தியப் பண்பாடு தன் சுவரில் மாட்டிக்கொண்ட ஒரு படமாக இருக்கக்கூடும் என்று மெல்ல மெல்ல உணர்ந்ததாக அவரே பின்னர் எழுதினார்.

1974இல் ஓய்வு பெற்றபோது அவரும் அவர் மனைவியும் விமானம் ஏறவில்லை; கொஞ்சம் மூட்டை முடிச்சுகளோடு தரைவழியாகவே, கிடைத்த பேருந்துகளில் ஏறி இறங்கி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். அங்கே என்ன கடினமாக இருந்தது என்று கேட்டவர்களுக்கு, நம்பிக்கை காணாமல் போயிருந்ததுதான் என்று அவர் பதில் சொன்னார். சென்னையின் குடிசைப் பகுதிகளில்கூட நாளை நன்றாக இருக்கும் என்ற எண்ணம் உயிரோடிருந்தது, வசதி நிறைந்த இங்கிலாந்தில் அது இல்லை என்பது அவர் கண்டது. எழுபது வயதைத் தாண்டிய பிறகு, பர்மிங்காமில் வின்சன் கிரீன் சிறைச்சாலைக்கு எதிரே, மூடப்படும் நிலையில் இருந்த ஒரு சின்னஞ்சிறு சபையின் போதகர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1989இல் வெளிவந்த நூலில், சுவிசேஷத்தை நம்ப முடியாத ஒரு சமூகத்துக்கு அதன் பொருளை விளக்கிக் காட்டக்கூடியது சுவிசேஷத்தை நம்பி அதன்படி வாழும் ஒரு சபைதான் என்று எழுதினார். அந்தக் கூற்று வின்சன் கிரீனிலிருந்து வந்தது. அதற்கு முன்பே மதுரைச் சீமையின் கிராமச் சபைகளிலிருந்தும் வந்தது என்று நினைக்கிறேன்.

அவர் கேட்ட கேள்வியை நம் மண்ணில் வைத்துக் கேட்டால் கிடைக்கும் விடை மனத்துக்கு உவப்பானதல்ல. இங்கே இயேசுவின் படத்தைத் தன் சுவரில் மாட்டிக்கொண்டது சாதி.

1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி உயர்த்தப்பட்ட சாதியினருக்கெனத் தனிக் கோயிலும் தனி வழிமுறையும் வகுத்தார். அவர் தமிழ் உரைநடைக்குச் செய்த தொண்டை மதிக்கிறேன். ஆனாலும் அந்தப் பிரிவினையின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை மறக்க முடியாது. நூறாண்டு கழித்துத் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கின் லுத்தரன் சபையிலும் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்வது வழக்கமாயிற்று. அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தில் தனிக் கிண்ணம் கேட்டவர்களும் இருந்தார்கள். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமை உறுதியாகவும் உடனடியாகவும் இறுதியாகவும் கைவிடப்பட வேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்குக் கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னையிலும் பெருங்கூட்டமாக மக்கள் எதிர்த்து நின்றார்கள். எதிர்த்தவர்களுள் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய கீர்த்தனைகளைப் பாடித்தான் நானும் வளர்ந்தேன், இன்றும் கண்ணீர் மல்கப் பாடுகிறேன். ஒரு மனிதனின் பக்தி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பண்பாடு அவனுக்குள் தொடாமல் விட்டுவைக்கும் ஓர் அறை உண்டு என்பதற்கு இதைவிட வேதனையான சான்று எனக்குத் தெரியாது.

இந்தப் பொருத்தம் கல்லிலும் சுண்ணாம்பிலும் எப்படி நின்றது என்பதை அறிய வடக்கன்குளத்தை நினைத்துக்கொண்டால் போதும். 1872இல் அங்கே கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயத்துக்கு ஒரே பீடம். ஆனால் பீடத்திலிருந்து மக்கள் அமரும் பகுதி இரண்டு கால்களாகப் பிரிந்து சென்றது. ஒரு கால் வெள்ளாளருக்கு, மற்றது நாடாருக்கு. இரு பக்கத்தாரும் குருவானவரைப் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. சற்று நின்று யோசித்தால் இது எவ்வளவு நுட்பமான கட்டுமானம் என்பது விளங்கும். கடவுளோடு உள்ள உறவுக்கு எந்தத் தடையும் இல்லை, அயலானோடு உள்ள உறவுக்கு மட்டும் சுவர் என்று ஓர் இறையியலே அங்கே கட்டடமாக எழுப்பப்பட்டிருந்தது. 1910இல் பங்குக் குரு கௌசானல் அடிகள் அந்தத் தடுப்பை இடித்தார். அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் தோற்றார்கள்.

இதைப் பழைய கதை என்று தள்ளிவிட வழியில்லை. திருச்சி மேலப்புதூரில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரித்து எழுப்பிய சுவரைப் பற்றி நாடறியப் பேசப்பட்டது. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்கெனத் தனிப்பங்கு, அதாவது தனிக் குருவோடு கூடிய தனிச் சபை, கேட்டதை ஒட்டி மோதல் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். சாகும்போதும் மோதும்போதும் இரு தரப்பாரின் கழுத்திலும் ஒரே செபமாலைதான் கிடந்தது.

சீர்திருத்தச் சபையார் சிலர் இதைக் கேட்டதும் அது கத்தோலிக்கர்களின் பிரச்சினை என்பார்கள். எங்கள் ஆலயங்களில் சுவர் இல்லை என்பது உண்மை. ஆனால் திருமண்டலத் தேர்தல் வந்துவிட்டால் எந்த அணியில் எந்தச் சாதிக்கு எத்தனை இடம் என்ற கணக்கை ஆலயத் திண்ணையிலேயே வெளிப்படையாகப் போடுகிறார்கள். கிறிஸ்தவப் பத்திரிகையின் மணமக்கள் தேவைப் பக்கத்தை விரித்தால், இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற, ஊழிய வாஞ்சையுள்ள மணமகள் வேண்டும் என்ற வரிக்கு முன்பாகவே சாதிப் பெயரும் உட்பிரிவும் அச்சாகியிருக்கின்றன. அதை அச்சிடுகிறவரும் கொடுக்கிறவரும் வாசிக்கிறவரும் யாரும் அதில் நெருடலை உணர்வதில்லை. பண்பாடு முழு வெற்றி பெற்றுவிட்டது என்பதற்கு அந்த நெருடலின்மையே அடையாளம்.

என் சமூகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உருவானதிலிருந்து, பனையேறி வாழ்ந்த எங்கள் முன்னோர் ஊர் ஊராகச் சபைக்குள் வந்தார்கள். மரியாதைக்காகவும் படிப்புக்காகவும் அடியிலிருந்தும் உதையிலிருந்தும் தப்புவதற்காகவும் வந்தார்கள், கிறிஸ்துவுக்காகவும் வந்தார்கள். இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்க எவராலும் முடியாது. தெற்கே திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் தெருவில் அடிபட்டார்கள், ஆலயங்களும் பள்ளிகளும் தாக்கப்பட்டன, 1859இல் அரசு இறங்கிவந்தது. அந்த நாட்களில் திருச்சபை பண்பாட்டோடு பொருந்திப் போகவில்லை. தோள்சீலைக்காக அடிவாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாங்கள், எங்களுக்குப் பின்னால் வந்தவர்களைத் தெருக்கோடியில் நிறுத்தியதுதான் எங்கள் வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கும் பகுதி.

இங்கே பலரும் கவனிக்காத ஓர் இணைப்பைச் சொல்ல விரும்புகிறேன். பெரிய சபைகளை வளர்க்கும் கலையை உலகத்துக்குக் கற்பித்த சபை வளர்ச்சி இயக்கத்தின் தந்தை டொனால்ட் மெக்காவ்ரன் இந்தியாவில் பிறந்து, மத்திய இந்தியாவில் பல ஆண்டுகள் மிஷனரியாக இருந்தவர். இங்கே மக்கள் சாதி சாதியாகக் கிறிஸ்தவத்துக்கு வருவதைக் கண்டு அவர் ஒரு கொள்கை வகுத்தார்: இன, மொழி, வர்க்க எல்லைகளைத் தாண்டாமலேயே கிறிஸ்தவராக மக்கள் விரும்புகிறார்கள், ஆகவே தன்னையொத்தவர்கள் தன்னையொத்தவர்களோடு கூடும் சபையே வேகமாக வளரும். 1965இல் அமெரிக்காவின் ஃபுல்லர் இறையியல் கல்லூரியில் அவர் உலக மிஷன் துறையின் தலைவரானார், அங்கிருந்து அந்தக் கொள்கை உலகெங்கும் பரவியது. குறிப்பிட்ட வயதினருக்கு, குறிப்பிட்ட வருமானத்தினருக்கு, குறிப்பிட்ட ரசனை உடையவர்களுக்கு என்று வடிவமைக்கப்படும் ஆராதனைகளுக்கு அடியில் அந்தக் கொள்கையின் நிழல் இருக்கிறது. இன்று நம்முடைய வாலிபர் கமிட்டிகள் மேற்கிலிருந்து வந்த புதுமை என்று ஆர்வத்தோடு எடுத்துக்கொள்வது, ஒரு பகுதியேனும், நம் நாட்டுச் சாதிச் சபையைப் பார்த்து எழுதப்பட்ட பாடம்தான். தகவல் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கென்று தனி ஆராதனை தொடங்கும்போது அது யாரையும் வேண்டுமென்றே விலக்குவதில்லை என்று சொல்வார்கள். வீட்டு வேலை செய்து பிழைக்கும் பெண் அந்தக் கூட்டத்துக்குள் எப்படி நுழைவாள் என்று யாரும் கேட்பதில்லை.

மாற்றி யோசித்தவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. 1938இல் தாம்பரத்தில் கூடிய அகில உலக மிஷனரி மாநாட்டை முன்னிட்டு, சென்னையில் செஞ்சையா, சக்கரை முதலானோர் இந்தியக் கிறிஸ்தவத்தை மறுசிந்தனைக்கு உள்ளாக்கும் கட்டுரைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். மேற்கிலிருந்து இறக்கிய நிறுவனச் சபை நமக்குத் தேவைதானா என்று துணிந்து கேட்டார்கள். ஆனால் இந்துத் தத்துவ மரபோடு உரையாடுவதே அவர்களின் முதன்மையான அக்கறையாக இருந்தது. சேரியிலிருந்து வந்து சபையின் பெரும்பகுதியாக அமர்ந்திருந்த மக்களின் குரல் அந்த உரையாடலில் அதிகம் கேட்கவில்லை. அந்தக் குரல் இறையியலாக ஒலிக்க, 1981இல் பெங்களூரில் தலித் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு அந்தக் குரலை வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். பறட்டை என்று அறியப்பட்ட அவர், ஆர்கன் இசைக்கும் கர்நாடகக் கீர்த்தனைக்கும் இடையே நடந்துவந்த விவாதத்தில் கிராமத்து மக்களுக்கு இடமே இல்லை என்று கண்டு, நாட்டுப்புற மெட்டுகளில், பேச்சுத் தமிழில், கடவுளைத் தாயும் தகப்பனுமாக அழைக்கும் வழிபாட்டை உருவாக்கினார். இசையைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, அந்த இசைக்கு அடியில் இருந்த ஒரே உலை என்ற அவருடைய சிந்தனை. ஒரே உலையில் வெந்த சோற்றை ஏற்றத்தாழ்வில்லாமல் எல்லாரும் உண்பதுதான் குடும்பம். திருவிருந்து அந்த உலைச்சோறாக இல்லையென்றால் அது வேறு எதுவாகவும் இருக்க முடியாது என்பது அவர் கொண்டிருந்த துணிபு. 2005இல் அவர் மறைந்தார். அவருடைய பாடல்களைப் பல சபைகள் இன்று பாடுகின்றன. அந்த உலையை அவை இன்னும் அடுப்பில் ஏற்றவில்லை.

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நீண்ட விளக்கம் தேவையில்லை, அசனம் என்று சொன்னால் போதும். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முந்தைய இரவிலேயே ஆலய வளாகத்தில் அண்டாக்கள் ஏறிவிடும். நேர்ந்துவிட்ட ஆடுகளும் மூட்டை அரிசியும் வீடுகளிலிருந்து வரும்; வடித்த சோற்றை, துணி விரித்த ஓலைப்பாய்களில் இடுப்புயரத்துக்குக் குவித்து ஆறவைப்பார்கள்; பந்தலின் கீழ் வரிசை வரிசையாக இலை போட்டு, மும்பையிலிருந்து வந்தவரும் உள்ளூர்க்காரரும் பக்கத்து ஊர் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே பந்தியில் அமர்வார்கள். தமிழ்க் கிறிஸ்தவம் தானாகக் கண்டெடுத்த மிக அழகான வழிபாடு எதுவென்றால் தயங்காமல் அசனத்தைச் சொல்வேன். ஆனால் சில ஊர்களில் கூர்ந்து பார்த்தால், காலனித் தெருவிலிருந்து வருகிறவர்கள் முதல் பந்தியில் அமர்வதில்லை என்பது தெரியும். அவர்கள் கடைசியில் தூக்குவாளியோடு வந்து வாங்கிப் போகிறார்கள். யாரும் அவர்களை விரட்டுவதில்லை, யாரும் வந்து உட்காருங்கள் என்று கையைப் பிடித்து அழைப்பதும் இல்லை. சட்டம் எதையும் மீறாமல், வாய்விட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் சாதி அங்கே பந்தி விசாரிக்கிறது.

தென்னிந்தியத் திருச்சபை 1950இல் உருவாக்கிய திருவிருந்து ஆராதனை முறை உலகத் திருச்சபைகளையே தலைநிமிர்ந்து பார்க்கவைத்தது. குருவானவர் மக்களை நோக்கி நின்று நடத்துவதும், கையோடு கை சேர்த்துச் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்வதும் அதில் இருந்தன. பிற்பாடு பல நாட்டு வழிபாட்டுச் சீர்திருத்தங்களுக்கு அது முன்மாதிரியானது. தீண்டாமை கொழுந்துவிட்டு எரிந்த நாட்டில் ஒரு சபை, கைகள் தொட்டாக வேண்டும் என்று தன் வழிபாட்டு முறையிலேயே எழுதிவைத்தது. பண்பாட்டை எதிர்கொள்வது என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. இன்று நாம் அந்த இடத்தில் பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அமர்ந்துவிடுகிறோம்.

1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்துகளைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்த உரிமை கிடைத்த பின்பும் கிறிஸ்தவருக்குக் கிடைக்கவில்லை. இது அநீதி, ஆண்டுதோறும் அந்த நாளைக் கறுப்பு நாளாக நாம் கடைப்பிடிப்பது சரியானது. மதம் மாறியும் சாதிக் கொடுமை மாறவில்லை என்று அரசிடம் வாதாடும் திருச்சபை, அந்தக் கொடுமை நடக்கும் இடங்களுள் தன் வளாகமும் ஒன்று என்பதை அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். அப்போதுதான் அந்த வாதத்துக்கு வலு கூடும்.

வாலிபர்கள் ஏன் விலகுகிறார்கள் என்ற கேள்விக்கு, இசையைத் தவிர வேறு விடைகளும் உண்டு. எனக்குத் தெரிந்த இருவர், இருவரும் எங்கள் திருமண்டலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஒரே வாலிபர் சங்கத்தில் பாடியவர்கள், மணம் செய்துகொள்ள விரும்பினார்கள். சாதி வேறு என்பதால் இரு வீடுகளும் மறுத்தன. அவர்கள் நம்பி அணுகிய குருவானவர், பெற்றோர் சம்மதக் கடிதம் இல்லாமல் ஓலை வாசிக்க, அதாவது ஆலயத்தில் திருமண அறிவிப்பை வாசிக்க, இயலாது என்று சொல்லி, மாதங்களைக் கடத்தினார். இருவருக்கும் வயது இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது. இறுதியில் பதிவாளர் அலுவலகத்தில் மணந்துகொண்டார்கள். இப்போது எந்த ஆலயத்துக்கும் போவதில்லை. அவர்களை எல்இடி திரை அழைத்து வராது. அவர்களை இழந்த சபை நவீன பண்பாட்டிடம் அவர்களை இழக்கவில்லை; மிகப் பழைய பண்பாடு ஒன்றுக்குத் தானே அவர்களைக் கொடுத்துவிட்டது.

ஆகவே சபையைப் புதுப்பிக்கும் திட்டம் எதுவானாலும் கல்லறைத் தோட்டத்திலும் பந்தியிலும் திருமண ஓலையிலும் தொடங்கட்டும் என்பதே என் வேண்டுகோள். தனித்தனியாக இருக்கும் கல்லறைத் தோட்டங்களை ஒன்றாக்கத் திருமண்டலத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அசனத்தின் முதல் பந்திக்கு யார் யாரை அழைத்து உட்காரவைப்பது என்பதை, காலனித் தெருவின் பெண்களும் அடங்கிய ஒரு குழு முடிவு செய்யலாம். திருமண வயது நிறைந்த, ஞானஸ்நானம் பெற்ற இருவர் கேட்டால், சாதியைக் காரணம் காட்டும் எந்த மறுப்பையும் பொருட்படுத்தாமல் மூன்று ஞாயிறுகளும் ஓலை வாசிக்கப்பட வேண்டும். அப்படி வாசித்த குருவானவர்மேல் ஊரார் மனுக்கொடுத்தால், பேராயர் அவரை வேறு சேகரத்துக்கு மாற்றாமல் அந்த ஊருக்கே வந்து அவர் பக்கத்தில் நின்று மணத்தை நடத்திவைக்க வேண்டும். இதற்கு அதிகச் செலவும் இல்லை, புதிய தொழில்நுட்பமும் தேவையில்லை. அடுத்து கூடும் திருமண்டலப் பெருமன்றத்தில் எந்த உறுப்பினர் வேண்டுமானாலும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். வழிமொழிய ஆள் தேடுகிறவர்கள் எனக்கு எழுதுங்கள்.